பி.பி. மாத்திரை வாங்க வந்தவர்கள் ஏன் திரும்ப வருவதில்லை? ஆரம்ப சுகாதார நிலையத்தில் தர மேம்பாடு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

என்.சி.டி. நோட்டில், அதாவது பி.பி., சுகர் போன்ற தொற்றா நோய்களுக்கான பதிவேட்டில், ஏதாவது ஒரு பழைய பக்கத்தைத் திறந்துபாருங்கள். ஒரு மாதத்தில் புதிதாக பி.பி. கண்டுபிடிக்கப்பட்ட இருபது பேர் வரிசையாக இருப்பார்கள். அடுத்த மாதக் கட்டத்தில் பதினாறு டிக், அதற்கடுத்த மாதம் பன்னிரண்டு, அப்புறம் ஒன்பது. மீதிப் பேர் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. அதே தெருவில்தான் இருக்கிறார்கள், ரேஷன் கடைக்கு வருகிறார்கள், கோயில் கொடைக்கு வருகிறார்கள், மாத்திரை வாங்க மட்டும் வரவில்லை. மாத்திரைக்குக் காசு கிடையாது, நிலையமும் தூரமில்லை. அப்படி நின்றுபோன ஒருவரை நாலைந்து மாதம் கழித்து, வாய் ஒருபக்கம் கோணி, கை தூக்க முடியாமல் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கும்போது, நோட்டில் காலியாகக் கிடந்த அந்தக் கட்டங்கள்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும்.

நான் பல வருடம் செவிலியராக இந்த நோட்டை எழுதியவள். இப்போது மற்ற நிலையங்களில் இருப்பவர்களுக்கு இதைச் சரிசெய்யக் கற்றுத்தருகிறேன். தர மேம்பாடு என்றதும் பலருக்குச் சுவருக்கு வெள்ளை அடிப்பதும் ஃபைல் தயார் செய்வதும்தான் மனதில் வருகிறது. சுகாதார நிலையங்களின் தூய்மைக்கு விருது தரும் காயகல்ப் திட்டம் 2015-இல் வந்தது, அதற்கு முன்பே 2013-இல் தேசியத் தர நிர்ணயம், அதாவது நாம் என்.க்யூ.ஏ.எஸ். என்று சொல்வது வந்தது. இரண்டும் நல்லது செய்திருக்கின்றன, குப்பையைக் கலர் பக்கெட்டில் பிரித்துப் போடுவது முதல் பிரசவ அறையில் திரை தொங்குவது வரை. ஆனால் மதிப்பீட்டாளர் வருகிற நாளில் 70 சதவீதம் தாண்டினால் சான்றிதழ் கிடைத்துவிடும், நோயாளியோ எல்லா வாரமும் வருகிறார். இந்த வாரம் போன வாரத்தைவிட நன்றாக இருந்ததா, ஆறு மாதத்தில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதைச் சான்றிதழ் சொல்லாது. அதை நீங்களே ஒரு கிராஃப் தாளில் வரைந்தால்தான் தெரியும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

படி 1: ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள்

மருத்துவ அலுவலரோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் முப்பது பிரச்சினை வரும். ஆள் பற்றாக்குறை, கட்டடம் ஒழுகுவது, இன்வெர்ட்டர் ஓடாதது எல்லாம் உண்மைதான், ஆனால் அவற்றில் பாதி உங்கள் கையில் இல்லை. உங்கள் நிலையத்துக்குள்ளேயே, இருக்கிற ஆட்களை வைத்து, புதிதாகப் பணம் கேட்காமல் மாற்றக்கூடியதா என்று கேளுங்கள். ஆம் என்றால் அது முதல் பிரச்சினையாக இருக்கத் தகுதி உள்ளது.

நான் இங்கே எடுத்துக்கொள்வது பி.பி. நோயாளிகள் தவணைக்கு வராமல் போவது. ஏன் இது? தமிழ்நாடு தாய்மார்கள் விஷயத்தில் ஏற்கனவே செய்துகாட்டியிருக்கிறது. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இங்கே தாய் இறப்பு 54, இந்தியா முழுவதற்கும் 97. ஒரு தாய் இறந்தால் எந்த நேரத்தில் வலி வந்தது, ஆம்புலன்ஸ் எப்போது கிளம்பியது, யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொரு மணி நேரத்தையும் தோண்டிப் பார்க்கிற பழக்கம் இங்கே வேரூன்றியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. பி.பி. நோயாளி ஒருவர் சத்தமில்லாமல் நின்றுபோகும்போது அப்படி யாரும் தோண்டுவதில்லை. தோண்டினால் காரணம் கிடைக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

படி 2: குழுவில் சீட்டு எழுதுகிறவரும் இருக்க வேண்டும்

டாக்டர், என்.சி.டி. செவிலியர், இவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். ஓ.பி. சீட்டு போடுகிறவர், மருந்தாளுநர், லேப் டெக்னீசியன், கிராம சுகாதாரச் செவிலியர், வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர், முடிந்தால் பல வருடமாகத் தவறாமல் வரும் ஒரு நோயாளி. மொத்தம் ஆறேழு பேர் போதும், வாரம் பதினைந்து நிமிடம், ஓ.பி. முடிந்த பிறகு, டீ குடிக்கிற நேரத்தில்.

தன்னார்வலரைக் கண்டிப்பாகச் சேருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதிலிருந்து வீட்டு வாசலில் நிற்பவர்கள் இவர்கள்தான். யார் வீட்டில் மாத்திரை அட்டை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது என்பது நமக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

படி 3: எதை எண்ணப்போகிறீர்கள்?

இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் வீணாகின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

'பி.பி. நோயாளிகள் ஒழுங்காக வர வேண்டும்' என்பது ஆசை. அதை எண்ண முடியாது. எண்ணக்கூடியதாக மாற்றினால் இப்படி வரும்: இந்த வாரம் மாத்திரை வாங்க வரவேண்டியவர்கள் எத்தனை பேர், அவர்களில் தவணைத் தேதியிலிருந்து 7 நாளுக்குள் மாத்திரை கைக்குப் போனவர்கள் எத்தனை பேர். இரண்டாவதை முதலாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் உங்கள் சதவீதம். அதற்கு ஒரு இலக்கும் கெடுவும் வையுங்கள், 'இப்போது 60 சதவீதம், ஆறு மாதத்தில் 80' என்பது போல.

சரி, எளிதாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். எண்ண ஆரம்பித்தால் கேள்விகள் வரும். தன்னார்வலர் வீட்டில் கொடுத்தது கணக்கில் வருமா? (வரும், மாத்திரை கைக்குப் போனதுதானே நமக்கு முக்கியம்.) மகள் வீட்டுக்குச் சென்னை போய்விட்டவர்? வெளியே மெடிக்கலில் வாங்கிக்கொள்கிறவர்? இறந்துபோனவர் பெயர் இன்னும் நோட்டில் இருந்தால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி எழுதி, அந்தத் தாளை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஜனவரியில் ஒருவர் ஒருமாதிரி எண்ணுவார், மார்ச்சில் அவர் விடுப்பில் போனதும் பதிலுக்கு வந்தவர் வேறுமாதிரி எண்ணுவார், அப்புறம் முன்னேற்றமா எண்ணும் விதம் மாறியதா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அவெடிஸ் டொனபெடியன் என்ற மருத்துவர் 1966-இல் தரத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்: என்னென்ன இருக்கிறது, என்ன செய்கிறோம், கடைசியில் நோயாளிக்கு என்ன ஆயிற்று. மேலே சொன்ன சதவீதம் நடுவில் வருவது. அதனால் கூடவே மூன்றாவதையும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், வந்தவர்களில் எத்தனை பேருக்கு பி.பி. 140/90-க்குக் கீழே இருந்தது என்று. எல்லோரும் தவறாமல் வந்தும் பி.பி. இறங்கவில்லை என்றால் வரவழைத்ததில் என்ன பயன்?

படி 4: அந்த எண் உண்மையானதா என்று முதலில் பாருங்கள்

நோட்டில் பி.பி. எழுதியிருக்கும் கட்டத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துப்பாருங்கள். 130/80, 130/80, 120/80, 130/80, 140/90, 130/80. மனித உடம்பு இப்படிப் பூஜ்யத்தில் மட்டும் முடிகிற எண்களாகக் காட்டாது. தானியங்கி மிஷின் என்றால் 127/83, 146/88 என்றுதான் வரும். பூஜ்யங்களாகவே இருந்தால் யாரோ தோராயமாக எழுதுகிறார்கள், அல்லது கூட்டத்தில் அளக்க நேரமில்லாமல் போன மாத எண்ணையே எழுதுகிறார்கள். இதைப் பார்த்ததும் யாரையும் பிடித்துக் கேள்வி கேட்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் எண்பது பேரைப் பார்க்க வைத்தால் யாருக்கும் அதுதான் நடக்கும்.

அளப்பதைச் சரிசெய்ய ஒரு பெஞ்சு போதும். நோயாளி ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும், கால் தரையில் படிய வேண்டும், கால்மேல் கால் கூடாது, கை மேஜையில் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், அளக்கும்போது பேச்சு கிடையாது, நாமும் பேசக்கூடாது. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, பீடி இருந்திருக்கக்கூடாது. கைப்பட்டை தடித்த கைக்குச் சின்னதாக இருந்தால் பி.பி. கூடுதலாகக் காட்டும், அதனால் பெரிய பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். சீட்டு வாங்கிய கையோடு அந்த பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டால் ஐந்து நிமிட ஓய்வு தானாகவே கிடைத்துவிடும்.

படி 5: பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு புள்ளி

எதையும் மாற்றுவதற்கு முன்னால், பழைய நோட்டிலிருந்தே கடந்த பன்னிரண்டு வாரக் கணக்கை எடுங்கள். கிராஃப் தாளில் கீழே வாரங்கள், இடதுபக்கம் சதவீதம். வாரத்துக்கு ஒரு புள்ளி வைத்து, கோடு போட்டு இணையுங்கள். இதற்கு ரன் சார்ட் என்று பெயர். கம்ப்யூட்டர் வேண்டாம், கையால் வரைந்து சுவரில் ஒட்டியதைத்தான் எல்லோரும் நின்று பார்ப்பார்கள்.

ஒரு உதாரணத்துக்கு இந்தப் பன்னிரண்டு எண்களை எடுத்துக்கொள்வோம்: 61, 55, 64, 58, 70, 52, 60, 57, 66, 59, 63, 54. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் நிற்பவை 59-உம் 60-உம், அதனால் இடைநிலை 59.5. அந்த உயரத்தில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள்.

இப்போது ஐந்தாவது, ஆறாவது வாரங்களைப் பாருங்கள். 70 வந்த வாரம் கூட்டத்தில் கைதட்டியிருப்பார்கள், அடுத்த வாரம் 52-க்கு இறங்கியதும் விளக்கம் கேட்டிருப்பார்கள். இரண்டுக்கும் அர்த்தம் கிடையாது. மழை, திருவிழா, ஒரு நாள் பஸ் வராதது என்று எந்த இடத்திலும் எண்கள் இப்படி மேலும் கீழும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். தொலைபேசித் தொழிற்சாலைக்காக 1924-இல் வால்டர் ஷூஹார்ட் கண்டுபிடித்துச் சொன்னது இதைத்தான்: சும்மா ஆடுகிற ஆட்டம் எது, உண்மையில் ஏதோ மாறியதால் வந்தது எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். போன மாதத்தையும் இந்த மாதத்தையும் மட்டும் பக்கத்தில் வைத்து ஊழியர்களைப் புகழ்வதும் திட்டுவதும் என்னைப் பொறுத்தவரை அநியாயம். அவர்கள் செய்யாத ஒன்றுக்காகத் திட்டு வாங்குகிறார்கள்.

எப்போது நம்பலாம்? இரண்டு விதியை மட்டும் மனதில் வையுங்கள். தொடர்ந்து ஆறு புள்ளிகளோ அதற்கு மேலோ நடுக்கோட்டுக்கு ஒரே பக்கத்தில் விழுந்தால் ஏதோ மாறியிருக்கிறது (கோட்டின் மேலேயே விழும் புள்ளியை எண்ண வேண்டாம், தாண்டிப் போய்விடுங்கள்). தொடர்ந்து ஐந்து புள்ளிகள் ஏறிக்கொண்டே போனாலோ இறங்கிக்கொண்டே போனாலோ அதுவும் அப்படித்தான்.

மாதாமாதம் எண்ணிப் பார்ப்பதன் வலிமைக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. வியன்னா பிரசவ மருத்துவமனையில் 1847 ஏப்ரலில் ஒரு பிரிவில் 100 தாய்மாருக்கு 18 பேர் இறந்தார்கள். மே மாத நடுவில் இக்னாஸ் செம்மல்வைஸ் மருத்துவர்களைக் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவ வைத்தார், ஜூனில் அது 2 அளவுக்கு இறங்கிவிட்டது. கிருமி என்றால் என்ன என்பதே அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது.

படி 6: காரணத்தைத் தேடி வீட்டுக்குப் போங்கள்

வராமல் நின்ற பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, தன்னார்வலரோடு நேரில் போங்கள். 'ஏன் வரலை?' என்று கேட்காதீர்கள், அது அதட்டுவதுபோல இருக்கும், அவர்களும் 'இனிமே வந்துடுறேன்' என்று முடித்துவிடுவார்கள். 'போன தடவை வந்தப்போ எது கஷ்டமா இருந்துச்சு?' என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள்.

எனக்கு இன்றும் மறக்காதது ஒரு பாட்டியின் பதில். அவருக்கு சுகரும் உண்டு, பி.பி.யும் உண்டு. எப்போது வந்தாலும் பி.பி. 170-க்கு மேல்தான் காட்டும், இரண்டு முறை பி.பி. மாத்திரை அளவைக் கூட்டியிருந்தோம். கூட்டிய பிறகு தலைசுற்றுகிறது என்று வருவதையே நிறுத்திவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது சொன்னார்: "வெறும் வயித்துல வரச் சொன்னீங்கல்ல நர்சம்மா, அதான் அன்னிக்குக் காலைல எந்த மாத்திரையும் போட மாட்டேன்." மற்ற நாளெல்லாம் ஒழுங்காகப் போட்டவர், நாம் அளக்கிற நாளில் மட்டும் போடாமல் வந்திருக்கிறார். அந்த ஒரு நாள் எண்ணைப் பார்த்து நாம் அளவைக் கூட்டினோம், வீட்டில் அவருக்கு பி.பி. தேவைக்கு மேல் இறங்கி மயக்கம் வந்திருக்கிறது. வெறும் வயிறு என்று நாம் சொன்ன இரண்டு வார்த்தையில் வந்த வினை அது.

மற்றவர்கள் வீட்டில் கிடைத்த காரணங்களும் இதேபோலச் சாதாரணமானவை. முப்பது மாத்திரை கொடுத்து 'அடுத்த மாசம் வாங்க' என்று சொல்லியிருந்தோம், தேதி சொல்லவில்லை. தீர்ந்த நாள் ஞாயிறு, திங்கள் நூறு நாள் வேலை, அப்படியே ஒரு வாரம் போய்விட்டது, வாரம் தாண்டியதும் திட்டுவார்களோ என்ற பயம். இன்னொருவர் ஊரிலிருந்து பஸ் வந்து சேர்வதற்குள் லேபில் ரத்தம் எடுப்பது முடிந்துவிடும். 'பி.பி. நார்மல்னு சொன்னாங்க, அதான் நிறுத்திட்டேன்' என்றவர்கள் மூன்று பேர். மாத்திரை போடுவதால்தான் நார்மலாக இருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் குழுவில் ஒருவர் நோயாளி மாதிரி சீட்டு கவுன்ட்டரிலிருந்து மருந்து ஜன்னல் வரை நடந்து, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம் நின்றோம் என்று எழுதட்டும். முதல் தடவை செய்கிறவர்கள் திகைத்துப்போவார்கள்.

படி 7: ஒரு மாற்றம், ஒரு நாள், ஐந்து நோயாளி

காரணம் தெரிந்ததும் எல்லாவற்றையும் திங்கட்கிழமை முதல் மாற்றிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம். திட்டமிடு, செய், பார், திருத்து என்ற நாலு அடிகளைச் சின்னதாக நடந்துபாருங்கள்.

எங்கள் முதல் முயற்சி: செவ்வாய்க்கிழமை வருகிற முதல் ஐந்து பேருக்கு, அடுத்து வரவேண்டிய தேதியை அவரவர் கையில் இருக்கும் நோட்டின் அட்டையில் பெரிய எழுத்தில், கிழமையோடு எழுதிக் கொடுப்பது. அன்றே தெரிந்துபோனது, மூன்று பேருக்குப் படிக்கத் தெரியாது. அடுத்த நாள் வாரச் சந்தையை வைத்துச் சொல்லிப்பார்த்தோம், 'நாலாவது சந்தைக்கு மறுநாள்' என்று. அதைத் திருப்பிச் சொல்லவும் வைத்தோம். அது பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த வாரம் இருபது பேருக்கு, பிறகு எல்லோருக்கும். ஐந்து பேரில் தவறினால் நஷ்டம் ஒன்றுமில்லை, ஐந்நூறு பேருக்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கிய பிறகு தவறினால் யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது மாற்றம் அந்தப் பாட்டியால் வந்தது. மருத்துவ அலுவலர் ஒப்புதலோடு, லேப் வாசலிலும் மருந்து ஜன்னலிலும் ஒரே வாசகத்தைச் சொல்ல முடிவுசெய்தோம்: "பி.பி. மாத்திரையைத் தண்ணியோட போட்டுக்கிட்டே வாங்க. சாப்பாடும் சுகர் மாத்திரையும் ரத்தம் எடுத்த பிறகு." உங்கள் டாக்டரிடம் கேட்டு உங்களுக்கு ஏற்ற வாசகத்தை நீங்களே எழுதுங்கள், ஆனால் நிலையத்தில் எல்லோர் வாயிலும் அதே வார்த்தைகள்தான் வர வேண்டும்.

ஒரே வாரத்தில் இரண்டு மாற்றத்தைப் புகுத்தாதீர்கள், எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. மாற்றம் தொடங்கிய வாரத்தில் கிராஃபில் ஒரு அம்புக்குறி போட்டு என்ன செய்தோம் என்று இரண்டு வார்த்தை எழுதுங்கள். மேலே கொடுத்த உதாரணத்தில் அடுத்து 62, 65, 61, 68, 67, 71 என்று வந்தால், ஆறு புள்ளியும் 59.5-க்கு மேலே இருக்கின்றன, மாற்றம் உண்மை என்று தைரியமாகச் சொல்லலாம். மூன்றாவது வாரத்தில் 61 வந்ததும் மனம் தளர்ந்து விட்டுவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் ஆறு என்று அழுத்திச் சொல்கிறேன்.

கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். பி.பி. நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கியதால் காய்ச்சலுக்குக் குழந்தையோடு வந்த தாய் கூடுதலாகக் காத்திருக்கிறாரா? ஒரு இடத்தில் இழுத்தால் இன்னொரு இடம் கிழியக்கூடாது. வாரம் ஒரு நாள், பத்துப் பேரின் காத்திருப்பு நேரத்தைக் குறித்துவைத்தால் போதும். நிறைய பேர் திரும்பி வர ஆரம்பித்தால் பி.பி. மாத்திரையான ஆம்லோடிபின் செலவும் கூடும், மருந்தாளுநர் அடுத்த இன்டென்ட்டை, அதாவது மருந்து கேட்டு அனுப்பும் பட்டியலை, அதற்கேற்பப் போட வேண்டும். வரவழைத்துவிட்டு 'ஸ்டாக் இல்லை' என்று திருப்பி அனுப்பினால் அவர் மறுபடி வரமாட்டார்.

படி 8: ஆள் மாறினாலும் நிற்க வேண்டும்

அரசு நிலையங்களில் கலந்தாய்வு வரும், இடமாற்றம் வரும், ஆர்வமாகச் செய்த செவிலியர் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார், நாலு மாதத்தில் கிராஃப் நின்றுவிடும். எனக்கும் நடந்திருக்கிறது, மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். அதனால் ஆறு புள்ளி மேலே வந்த உடனேயே இதற்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள். தேதி சொல்வது யார் பொறுப்பு, வாசகம் என்ன, எண்ணும் விதி என்ன என்று எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி லேமினேட் செய்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். புள்ளி வைக்கும் வேலையை மாதம் ஒருவர் என்று சுழற்சியில் கொடுங்கள், சீட்டு எழுதுகிறவர் உட்பட. வாரக் கணக்கு சலிப்புத் தட்டினால் ஒரு வருடம் கழித்து மாதக் கணக்காக மாற்றலாம், அதற்கு முன் வேண்டாம்.

புதிதாகப் பொறுப்பேற்று வருகிறவரிடம் இதைப் பேசிப் புரியவைக்க முயல வேண்டாம். அவர் சேர்ந்த முதல் திங்கட்கிழமை, ஓ.பி. தொடங்குவதற்கு முன்னால், நோட்டையும் பென்சிலையும் கையில் கொடுத்து அந்த வாரப் புள்ளியை அவரையே எண்ணி வைக்கச் சொல்லுங்கள். பிறகு வராமல் போனவர்களில் ஒரு பெயரைக் காட்டி, தன்னார்வலரோடு அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.